நான்கு எல்லைகளும் ஆயிரம் பேரும்

"எழுத்து பிரமாதம் சார்" என்றார் பதிப்பாளர். அவ்வளவு வேகமாக ஒருவர் பாராட்டினால், அடுத்த வரியில் குறை எழுதித் திருப்பப் போகிறார் என்பது வட்டாட்சியர் அலுவலகத்தில் காலம் தள்ளிய எவனுக்கும் தெரியும். நானும் அப்படித்தான் திருப்புவேன். "தங்கள் மனு கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது" என்று தொடங்கினால், மனுதாரர் வீட்டுக்குப் போகலாம் என்று பொருள்.

"ஃபாலோயர் எவ்ளோ சார்?"

"நாற்பத்து மூணு."

"நாப்பத்து மூவாயிரமா சார்?"

"நாற்பத்து மூணு பேர்."

மறுமுனையில் சத்தமில்லை. கொல்லிமலையில் பேச்சின் நடுவே இணைப்பு அறுந்துபோவது வழக்கம் என்பதால் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவர் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆயிரம் பேராச்சும் காட்டுங்க சார்" என்றார் கடைசியில். "புத்தகக் கண்காட்சிக்கான லிஸ்ட்டை மாசக் கடைசியில முடிச்சுருவோம். ஒரு இடம்தான் பாக்கி. உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல நிக்குது. அவங்களுக்கு எண்பதாயிரம் சார்."

"அவர் என்ன எழுதியிருக்கிறார்?"

"இன்னும் எழுதலை சார்."

ஆயிரம் என்பது எந்த விதியில் இருக்கிறது, தளர்த்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார். விதியைக் கேட்டால் சிரிக்கிறவர்களை நான் பணியில் இருந்தபோது வெளியே உட்கார வைத்திருக்கிறேன். இப்போது வெளியே உட்கார்ந்திருப்பவன் நான்.

அந்த நாற்பத்து மூவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். என் பெயரைப் பார்த்ததும் எழுந்து நிற்கும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. சிலர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் விளம்பரக்காரர்கள். ஒருவர் இறந்துவிட்டார், இறந்த பிறகும் விசுவாசமாகப் பின்தொடர்கிறார். என் மனைவி அதில் இல்லை. கேட்டுப் பார்த்தேன். "ஊட்டுக்குள்ள பாக்கறதே போதுமுங்க" என்றாள்.

புத்தகம் என் மேசைக்கு முன்னால் மனுவோடு வந்து நின்றவர்களைப் பற்றியது. மனு கொடுக்க வருகிறவன் எப்படிப் பொய் சொல்வான், எந்த இடத்தில் அழுவான், அழுதுகொண்டே எந்தக் கண்ணால் மேசையைப் பார்ப்பான் என்பதையெல்லாம் என்னைப் போல அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. ஓய்வுபெற்று, முழங்கால் வலிக்குக் குளிர் ஆகாது என்று மருத்துவர் சொன்ன பிறகும், பிடிவாதமாக மலைமேல் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து உட்கார்ந்து எழுதினேன். யாருடைய பெயரும் அதில் கிடையாது. ஊர்ப் பெயர் கிடையாது, சர்வே எண் கிடையாது. அவதூறு வழக்கின் பிரிவுகளை அறிந்தவன் நான். ஒருவனும் என்மேல் கைவைக்க முடியாதபடி எழுதியிருப்பதாக நினைத்தேன்.

எண்ணிக்கையை வைத்து எழுத்தாளனை எடைபோடுவது அநியாயம் என்று புலம்பும் கூட்டத்தில் நான் சேர்த்தியில்லை. இப்போது வருகிற புத்தகங்களின் பின்னட்டையைப் பாருங்கள். ஆசிரியர் எங்கே பிறந்தார், என்ன படித்தார் என்பது இருந்த இடத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது இருக்கிறது. இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? நான் பணியில் இருந்த காலம் முழுவதும், மனு கொடுத்தவனுடைய குறை தீர்ந்ததா என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. 'தீர்வு செய்யப்பட்டவை' என்ற கட்டத்தில் எத்தனை போட்டிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். நானும் போட்டேன். எண் என்பது இருப்பதல்ல, வரவழைப்பது என்பதை இருபத்தைந்து வயதிலேயே கற்றுக்கொண்டவன் நான். எனக்கிருந்த ஒரே வருத்தம், இந்த எண்ணை வரவழைக்கும் நடைமுறை தெரியவில்லையே என்பதுதான்.

விலைக்கும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஒருவரிடம் விசாரித்தேன். ரசீது கேட்டேன். அதன்பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் பெரியதனக்காரர் வந்தார். ஊர் வழக்குகளைப் பேசி முடிப்பவர், கோயில் வரி விதிப்பவர், யார் யாரோடு பேசலாம் பேசக்கூடாது என்று சொல்பவர் அவர்தான். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பார், எழுதுவதற்கு அல்ல. நின்றுபோன பேருந்தை நான் எழுதிய மனுவால்தான் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மறுபடியும் மேலே வரவைத்தோம் என்பதால் என்னிடம் அவருக்கு மரியாதை. அன்றைக்குத் தெருவிளக்குக்கு மனு எழுத வந்திருந்தார்.

"என்னுங்க ஆபீஸரய்யா, மொகம் சுண்டிக் கெடக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் போனது. "அவரு பின்னால ஆயிரம் பேரு வரோணுமாமுங்க. ஆபீஸ்ல இருக்கையில ஒரு நாய் வந்ததில்லை பின்னால."

"ஆயிரம் பேருங்களா? ஊர்வலமுங்களா?"

விளக்கினேன். புத்தகம், பதிப்பாளர், மாதக் கடைசி, ஆயிரம். அவர் போனை வாங்கி, என் பக்கத்தில் இருந்த நாற்பத்து மூன்றை ஒரு நோயாளியின் காய்ச்சல் கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதுக்கு ஏனுங்க இத்தனை ரோசனை? நோம்பி வரியாட்டம் தலைக்கட்டுக்கு ஒண்ணுன்னு போட்டாப் போச்சு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் நோன்பு வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் அப்பன் கணக்கில் அடக்கம். திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனாலும் வரி உண்டு. கட்டாதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. அந்தக் கோயில் அம்மனுக்குப் பாத்தியப்பட்ட ஊர்கள் எங்களுடையதைச் சேர்த்துப் பல இருந்தன. அரசாங்கத்தின் வரிவசூலில் ஆயுள் முழுவதும் கிடந்த எனக்கு, பாக்கியே இல்லாத ஒரு வரி உலகத்தில் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. கைக்கூலி வாங்காதவன் என்று பெயர் எடுத்தவன் நான். பேருந்துக்கு எழுதிய மனுவுக்கு ஆயிரம் பேரை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கோயில் திடலில் கூட்டம் போட்டார்கள். அங்கேதான் போனில் சிக்னல் கோடு முழுசாக ஏறும். பெரியதனக்காரர் விஷயத்தைச் சொன்னதும் ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எப்படி என்றுதான் கேட்டார்கள்.

"ரெண்டு போன் வெச்சிருக்கறவன் ரெண்டு போடோணுமுங்களா?"

"ரெண்டு பொண்டாட்டி வெச்சிருந்தா ரெண்டு வரியா கட்டுன? ஒண்ணு போடு."

"போனே இல்லாதவனுக்கு?"

கேட்டவர் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர். அதற்கு விதியில் இடமில்லை. கூட்டம் குசுகுசுத்தது. அவரே ஒரு முடிவுக்கு வந்து மறுநாள் காலையில் ஒரு படி மிளகோடு என் வீட்டு வாசலில் நின்றார். "போன் இல்லீங்க சாமி. இதைய வெச்சுக்கங்க. ஊர்க் கணக்குல எம்பேரு விட்டுப்போகக் கூடாது." பதிப்பாளரிடம் ஒரு படி மிளகை எந்தக் கணக்கில் காட்டுவது என்று தெரியாமல் வாங்கி உள்ளே கொடுத்தேன். என் மனைவி மோந்து பார்த்து, உங்கள் எழுத்துக்குக் கிடைத்ததில் இதுதான் உருப்படி என்றாள்.

விதவைகளுக்கு அரை வரி என்பது வழக்கம். அதில்தான் கூட்டம் சிக்கிக்கொண்டது.

"அரைப் பாலோவரு எப்படிங்க போடறது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பெரியதனக்காரரின் தங்கை, கணவர் இறந்து ஊரோடு வந்துவிட்டவர், அண்ணன் காட்டிலேயே கூலிக்கு மிளகு பறித்துக் காலம் ஓட்டுகிறவர்.

"எனக்கென்னத்துக்கு அரை? நான் முழுசாவே போடறனுங்ணா."

"போடட்டும் உடு" என்றார் பெரியதனக்காரர். "அவளுக்கு எப்பவும் முழுசுதான் வேணும்." ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார். கேட்டதற்கு மேல் அவள் கொடுப்பதாக இருந்தால் பெண்பிள்ளைக்கு முழுப் பங்கு தருவதில் எந்த ஊருக்கும் ஆட்சேபம் இருப்பதில்லை.

பாதிப் பேருக்கு எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று தெரியவில்லை. வரிசையில் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு போனாக வாங்கி, நானே என் பெயரைத் தேடி, நானே என்னைப் பின்தொடரவைத்தேன். ஆதார் எடுக்கும் முகாம் போல இருந்தது. தங்கை மட்டும் போனை என்னிடம் தரவில்லை. "எட்டாவது படிச்சிருக்கறனுங்க" என்று சொல்லித் தானே போட்டுக்கொண்டார். பக்கத்து ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். திருப்பூர்க்காரர்கள் இரண்டாவது வாரம் வந்து சேர்ந்தார்கள்.

ஆயிரத்தைத் தாண்டிய அன்று எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போனது. மறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் திடலுக்கு நடந்து போய் எண்ணைப் பார்த்துவிட்டு வருவேன். மூட்டுவலிக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் மன்றாடியபோது நடக்காதவன். "மேஞ்ச காட்டுக்கே போற ஆட்டாட்டம் அங்கயே போறீங்க" என்றாள் மனைவி.

பதிப்பாளர் மகிழ்ந்தார்; ஆனால் முழுதாக இல்லை. "நம்பர் சூப்பர் சார். ஆனா இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூட வாயத் திறக்கலையே? ஒரு லைக் இல்லை. விலைக்கு வாங்குனதா சார்?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இல்லை, வரியாக வந்தவர்கள் என்று அவரிடம் எப்படி விளக்குவது? பின்தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தார்கள். படிக்கச் சொல்லவில்லை. வரி கட்டியவன் சாமி கும்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கோயிலிலும் கட்டாயம் இல்லை.

"புக்குலேருந்து நல்ல அத்தியாயமா ஒண்ணு எடுத்துப் போடுங்க சார். அவங்க பேசட்டும். பேசிட்டா இடம் உங்களுக்குத்தான்."

நல்ல அத்தியாயம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புத்தகத்தின் உச்சம் அது. பல ஆண்டுகளுக்கு முன் அடிவாரத்து அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது, மலையிலிருந்து ஓர் இளைஞன் பட்டா மாறுதலுக்கு வந்தான். அப்பா இறந்துவிட்டார், நான்தான் ஒரே வாரிசு என்று சான்றிதழ்கள். எல்லாம் சுத்தமாக இருந்தன. கையில் கொடுக்கும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் காகிதப் பொட்டலத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், யாருங்க நீங்க என்றேன். "உள்ள நிக்கறானே, அவன் அப்பனுங்க. பஸ்ஸுல தனியாப் போகாதடான்னு கூட வந்தனுங்க" என்றார். எனக்கும் நான்கு கடலை கொடுத்தார். உள்ளே வந்து, 'இறந்தவர் வெளியே அமர்ந்திருப்பதால் மனு திருப்பப்படுகிறது' என்று குறிப்பெழுதித் திருப்பினேன். அடுத்த மாதம் எனக்கு மாறுதல் வந்தது. என் இடத்துக்கு வந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பழக்கம் கிடையாது.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, சர்வே எண் இல்லை. ஆனால் நிலம் என்று எழுதிய உடனே கை தானாக ஒன்றைச் செய்திருந்தது. வடக்கே வற்றாத ஓடை, தெற்கே மாட்டுத்தடம், கிழக்கே ஒரே அடியில் பிரிந்த இரட்டைப் பலா, மேற்கே சரிந்த கல்கட்டு. இவற்றுக்கு உட்பட்ட மிளகுக் காடு. பணியில் இருந்தவரை நான்கு எல்லை எழுதாமல் ஒரு நிலத்தை நான் எழுதியதில்லை. முகங்கள் எனக்கு நினைவிருப்பதில்லை. எத்தனை முகங்களைத்தான் வைத்துக்கொள்வது? எல்லைகள் நினைவிருக்கும். நகரத்து வாசகனுக்கு அது வர்ணனை. ரசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவான். மலைக்காரனுக்கு அது விலாசம்.

காலையில் போட்டேன். பகல் முழுக்க எதுவும் நடக்கவில்லை. எல்லாரும் காட்டில் இருந்தார்கள். சாயங்காலம் திடலைக் கடந்து வீட்டுக்குப் போனவர்களின் போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. நான் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து, ஒருவர் நின்று படிப்பதையும் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவதையும் பார்த்து உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். எழுதியதை ஒருவர் படிப்பதை நேரில் பார்ப்பது எந்த எழுத்தாளனுக்கு வாய்க்கும்? அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்தேன். யாரும் அசைக்கவில்லை. டீக்கடைக்காரர் நான் கேட்ட டீயைப் போடாமல் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் திடலுக்கு வரச்சொல்லி எனக்கு ஆள் விட்டார்கள். பெரியதனக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேனாவும் சட்டைப் பையில் இருந்தன. அப்போதுதான் அந்த முகத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். நாற்பது கிலோ சதையையும் நரையையும் கழித்துப் பார்த்தேன். ஜன்னலைப் பார்க்கும் கண் அப்படியே இருந்தது.

"பஸ் மனு எழுத உங்க ஊட்டுக்கு வந்த அன்னிக்கே உங்களை எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்றார் அமைதியாக. "நீங்கதான் மறந்துட்டீங்கன்னு இருந்தேன். நல்ல மனுசன், மறந்துட்டாருன்னு."

"அதில் யார் பேரும் இல்லையே" என்றேன்.

"பேரு இல்லீங்க."

தங்கை எழுந்தார். கையில் போன். படிக்கத் தேவைப்படவில்லை அவருக்கு. "வடக்க ஓடை. தெக்க மாட்டுத்தடம். கெழக்க ரெட்டைப் பலா. மேக்க கல்கட்டு. ஏனுங்ணா, இது நம்ம காடுதான? அப்பன் எனக்குத்தான் எழுதிக் குடுத்தாரு, உனக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாருன்னு இத்தனை வருசமாச் சொன்னீங்க. அப்பன் கடலை தின்னுக்கிட்டு இருக்கையில செத்துப் போயிட்டாராமுங்களே?"

திடலில் ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். நான் நினைத்தது போல அது அதிர்ச்சியல்ல. பக்கத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்த விதத்தில் எனக்குப் புரிந்தது. ஊருக்குத் தெரியும். என்றைக்கோ தெரியும். தெரியாதவர் அந்த ஒருவர்தான். அவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் ஊரின் ஒற்றுமை.

பெரியதனக்காரர் தங்கையிடமிருந்து முகத்தைத் திருப்பினார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "போட்ட வரியை எடுத்துருங்க. ஊரைக் கேலி பேசறவருக்கு ஊரு பின்னால போக வேண்டியதில்லை. சொந்தக்கார ஊருக்கும் திருப்பூருக்கும் சொல்லி உடுங்க."

ஆட்சேபம் இல்லை. வரி போட்டபோது எழுந்த கேள்விகளில் பாதிகூட எழவில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். எடுப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

"போட்டவரே எடுக்கட்டும்" என்றார் ஒருவர்.

அப்படித்தான் எடுத்தேன். வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் போனை நீட்டினார்கள். ஒவ்வொன்றிலும் என் பெயரைத் தேடி, பின்தொடர்வதை நிறுத்தவா என்று அது கேட்க, ஆம் என்று நானே அழுத்தினேன். முதல் போன் பெரியதனக்காரருடையது. பண்பாக நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவரும் திட்டவில்லை. "கொஞ்சம் பாத்து எடுங்க, எம்பேத்தி படமெல்லாம் அதுலதான் இருக்குது" என்றார் ஓர் அம்மாள். "இது எடுபட்டுருச்சுங்களா? நல்லாப் பாருங்க, அப்பறம் எனக்கு அபராதம் போட்டுருவாங்க" என்றார் இன்னொருவர். சரிபார்த்துக் காட்டினேன். பணியில் இருந்தபோதுகூட இவ்வளவு துல்லியமாக ஒரு முகாம் நடத்தியதில்லை.

தங்கை வரிசைக்கு வரவில்லை. போனை முந்தானையில் முடிந்துகொண்டு, அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் திடலை விட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் மிளகு முதியவர் நின்றிருந்தார். வரிசையில் நீட்ட அவரிடம் போன் இல்லை. "என்னுதையும் குடுத்துருங்க சாமி" என்றார். "ஊரு எடுக்கையில நான் மட்டும் வெச்சுக்கிட்டா நல்லாருக்காது." என் மனைவி உள்ளே போய் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பாதிதான் இருந்தது. மீதி ரசமாகிவிட்டிருந்தது. மிளகு விளையும் மலையில், கீழே சேந்தமங்கலத்துக் கடையில் வாங்கின பாக்கெட் மிளகைக் கொட்டி நிரப்பிக் கொடுத்தாள். அவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதை மறக்க முடியவில்லை.

திருப்பூர் வரைக்கும் செய்தி போய், எண் இறங்கி நின்ற பிறகு பதிப்பாளருக்குப் போன் செய்தேன். அவரே பார்த்திருந்தார். "என்ன சார், ஒரே வாரத்துல இப்படி? என்னவோ போங்க. நம்ம லிஸ்ட் முடிஞ்சுருச்சு சார்." எண்பதாயிரம் பேர் பின்தொடரும் பெண்மணி வாசலூர்பட்டி படகுத்துறையில் எடுத்த படங்களையும் கொண்டை ஊசி வளைவுப் படங்களையும் கோத்துப் புத்தகமாக்குகிறார்களாம். எழுத்து கொஞ்சம்தான் வரும், அதையும் வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்வோம் என்றார். "உங்களுக்கு மலை தெரியுமே சார், வேணும்னா நீங்க..." என்று இழுத்தார். இணைப்பு அறுந்தது. இந்த முறை நான்தான் அறுத்தேன்.

அதற்குச் சில நாள் கழித்துத் தங்கை வந்தார். வாசல் படியிலேயே உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"பங்கு கேக்கறதுக்கு இனி வழி இருக்குதுங்களா?"

இருந்தது. நடைமுறை என் நாக்கு நுனியில் இருந்தது. வாரிசுச் சான்றை ரத்துசெய்ய மனு, பட்டா மாறுதலுக்கு எதிராக மேல்முறையீடு, பாகப்பிரிவினை வழக்கு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்துதான் காலவரம்பு ஓடும்.

"தெரிய வந்த நாளுன்னா எதுங்க?"

"நான் போட்ட நாள்."

அவர் முகம் முதல்முறையாக விரிந்தது. "அப்ப நல்லதாப் போச்சுங்க. நீங்க போட்டிருக்கறதைக் காட்டுனா ஆச்சுங்களா?"

ஆகாது என்றேன். அது ஆவணம் அல்ல. அச்சில் வந்து புத்தகமானாலும் ஆவணம் அல்ல. அந்த மனுவும் நான் எழுதிய குறிப்பும் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கும். அப்பா உயிரோடு இருந்ததைக் கண்ணால் பார்த்த, சான்றைக் கையால் வாங்கிய ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"அது நீங்கதானுங்க."

"நான்தான்."

"வந்து சொல்லுவீங்களா?"

நான் அதிலுள்ள நடைமுறைச் சிக்கல்களை விளக்கினேன். ஓய்வுபெற்ற ஊழியர் பணிக்காலத்தில் அறிந்ததைப் பற்றிச் சாட்சி சொல்வதென்றால் துறையின் அனுமதி, அந்த அனுமதிக்கு ஆகும் காலம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடிய கேள்விகள், அன்றைக்கே ஏன் மேலிடத்துக்கு எழுதவில்லை என்ற கேள்வி, நான் குடியிருக்கும் இந்த வீடு பெரியதனக்காரரின் மைத்துனருடையது என்பது, என் முழங்கால். வரிசைக்கிரமமாகச் சொன்னேன். எதையும் விட்டுவிடவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

அவர் கடைசிவரை கேட்டார். ஜன்னலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டார்.

"எழுதறதுக்கு அனுமதி வாங்குனீங்களா?"

"அது இலக்கியம். அதற்குத் தேவையில்லை."

"ஊருக்கெல்லாம் போன்ல சொல்லுவீங்க. கோர்ட்டுல சொல்ல மாட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை; புரிந்துகொண்டதைச் சரிபார்க்கிற குரல். "அப்ப எதுக்குங்க எழுதுனீங்க?"

இதற்கு விதிகளில் பதில் இருக்கிறதா என்று யோசித்தேன். ஆயிரம் பேர் என்று சொல்லலாம். மாதக் கடைசி என்று சொல்லலாம். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனை எடுத்தார். படியில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை தொட்டார். திடலில் போட்டபோதும் யாரிடமும் கேட்காதவர், எடுக்கும்போதும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

காலையில் திடலுக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பத்து மூன்று இருந்தது. இறந்தவரையும் சேர்த்துத்தான்.